நாய் கடித்துவிட்டதா? முதலில் குழாயடிக்கு ஓடுங்கள்!

காப்பித்தூள் வேண்டாம், மந்திரம் வேண்டாம். சோப்பும் தண்ணீரும் ஊசியும் உயிரைக் காக்கும்

பள்ளிக்கூடம் விட்டுப் பையன் வீட்டுக்கு வருகிறான். வயது எட்டு. கையில் பையைப் பிடித்திருக்கிறான். ஆனால், நடை சரியில்லை. ஒரு காலை லேசாக நொண்டுகிறான்.

"என்னடா ஆச்சு?" என்கிறாள் தாய்.

"ஒண்ணுமில்லம்மா. முள்ளு குத்திடுச்சு" என்கிறான் பையன்.

அது முள் அல்ல. தெருமுனையில் படுத்திருந்த நாயின் வாலை மிதித்துவிட்டான். அது திரும்பி ஒரு கவ்வு கவ்வியது. சிறிய பல் தடம்தான். இரண்டு சொட்டு ரத்தம்தான். வீட்டில் சொன்னால் அடி விழும். ஊசி போடுவார்கள். ஆகவே பொய் சொல்லிவிட்டான்.

அப்பத்தா கிட்டே வந்து பார்க்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. "அடியே, இது பல்லு பட்ட தடம்! காப்பித்தூளைக் கொண்டா, வச்சு அமுக்குவோம்" என்கிறாள்.

திண்டுக்கல்லில் மட்டும் அல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய காட்சி இது. பையன் செய்தது ஒரு தவறு. அப்பத்தா செய்யப் போவது இன்னொரு தவறு. இரண்டும் அறியாமையால் வருவது. ஆனால், இந்த இரண்டு தவறும் சேர்ந்தால் ஓர் உயிர் போய்விடும்.

சிறிய கடி, பெரிய ஆபத்து

"கொஞ்சம்தானே கீறியிருக்கிறது" என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். பெரிய கடி என்றால் பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். சிறிய கடி என்றால் மறந்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வெறிநோய்க் கிருமி கண்ணுக்குத் தெரியாதது. நோய் பிடித்த மிருகத்தின் எச்சிலில் அது இருக்கும். பல் பட்ட இடத்தின் வழியாக உடம்புக்குள் நுழையும். பிறகு நரம்பைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல மூளையை நோக்கிப் போகும்.

வழியில் எந்த வலியும் இராது. பையன் ஓடுவான், விளையாடுவான், சாப்பிடுவான். சாதாரணமாக 2 அல்லது 3 மாதம் இப்படியே போகும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே நோய் தெரியும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். தலையிலோ, முகத்திலோ, கழுத்திலோ, கையிலோ கடித்தால் ஆபத்து அதிகம். காரணம், தலையும் முகமும் மூளைக்குப் பக்கம். கையில் நரம்புகள் அதிகம்.

கிருமி மூளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எல்லாம் முடிந்தது. கடித்த இடத்தில் குறுகுறுப்பு, காய்ச்சல், பிறகு தண்ணீரைக் கண்டால் பயம், காற்றுப் பட்டால் நடுக்கம். அதன் பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. உலகம் முழுவதிலும் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால், ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கடித்தவுடன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால், இந்த நோய் வராமல் தடுத்துவிடலாம். வந்தால் மரணம், தடுத்தால் ஒன்றுமே இல்லை. இப்படிப்பட்ட நோய் வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் சுமார் 59 ஆயிரம் பேர் இந்த நோயால் சாகிறார்கள். அவர்களில் 100-க்கு 40 பேர், 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். தமிழ்நாட்டில் 2024-ம் ஆண்டில் மட்டும் 4 லட்சத்து 80 ஆயிரம் நாய்க்கடிகள் பதிவாயின. அந்த ஆண்டில் 43 பேர் வெறிநோயால் இறந்தார்கள்.

கால் மணி நேரம் கழுவுங்கள்

கடித்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் என்ன? ஆட்டோவைத் தேடுவது அல்ல. நாயைத் துரத்துவதும் அல்ல. குழாயடிக்குப் போக வேண்டும்.

குழாயைத் திறந்துவிடுங்கள். ஓடுகிற தண்ணீரில் காயத்தைக் காட்டுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதாது. 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் இல்லையா? குடத்தில் இருந்து ஒருவர் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் கழுவலாம். தோட்டத்தில் இருந்தால் மோட்டார் தண்ணீரில் கழுவலாம். குளிக்கிற சோப்பு இல்லாவிட்டால், துணி துவைக்கிற சோப்பும் போதும்.

ஏன் சோப்பு? இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பால் ஆன ஓர் உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பு எப்படிச் சுத்தம் செய்கிறதோ, அப்படியே இந்த உறையையும் கரைத்துவிடும். உறை போனால் கிருமி செத்துவிடும். மீதியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும்.

கழுவிய பிறகு அயோடின் கலந்த மருந்து இருந்தால் தடவலாம். பிறகு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். கடித்து நேரம் ஆகிவிட்டது என்றாலும் கழுவாமல் விடக்கூடாது.

செய்யக் கூடாதவை

காயத்தில் காப்பித்தூள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, எண்ணெய், பச்சிலை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். இவற்றில் எதுவும் கிருமியைக் கொல்லாது. புண்ணை எரிய வைத்து, கிருமியை இன்னும் உள்ளே தள்ளும். டாக்டர் காயத்தைப் பார்ப்பதற்கும் தடையாக இருக்கும்.

சிலர் கடிவாய்க்கு மேலே கயிறு கட்டுகிறார்கள். சிலர் சூடு போடுகிறார்கள். சிலர் மந்திரித்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். "மந்திரித்ததும் சரியாகிவிட்டது" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களைக் கடித்த நாய்க்கு வெறிநோய் இல்லை. அவ்வளவுதான் விஷயம். நோய் உள்ள நாய் கடித்திருந்தால், எந்த மந்திரமும் பலிக்காது.

காயத்தைத் துணியால் இறுகக் கட்டக் கூடாது. தையல் போடுவதையும் கூடியவரையில் தவிர்ப்பார்கள். போட்டே ஆக வேண்டும் என்றால், அது டாக்டரின் முடிவு.

ஒரு பெண்ணின் மரணம் தந்த ஆஸ்பத்திரி

இன்று திண்டுக்கல் மக்களுக்கு ஊசி பக்கத்திலேயே கிடைக்கிறது. ஒரு காலத்தில் அப்படி இல்லை.

வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை அவரிடம் கொண்டு வந்தார்கள். வெறிநாய் அவனைப் பல இடங்களில் குதறி இருந்தது. அதுவரை மிருகங்களுக்கு மட்டுமே போட்டுப் பார்த்த மருந்தை, டாக்டர்களின் உதவியுடன் பாஸ்டர் அவனுக்குப் போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான். வளர்ந்து பெரியவன் ஆனதும், பாஸ்டர் நிலையத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான்.

இந்தியாவில் இந்தச் சிகிச்சை முதலில் இமயமலை அடிவாரத்தைச் சேர்ந்த கசௌலியில் 1900-ம் ஆண்டு தொடங்கியது. தென்னாட்டில் ஒருவரை நாய் கடித்தால், நாட்டின் மறுகோடிக்கு ரெயிலில் போக வேண்டும்! 1902-ம் ஆண்டு, லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்தாள். மருந்து பக்கத்தில் கிடைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அந்த மரணம் எல்லோர் மனதையும் உலுக்கியது.

தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கக் கொடையாளி, அப்போதைய வைசிராய் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடை அதற்கு உதவியது. 1907-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, நீலகிரி மலையில் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அந்த நிலையம் இன்றும் இருக்கிறது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி!

பெரியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாக ஞாபகம் இருக்கும். "நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்று சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். அது வெறும் கதை அல்ல. ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியில் இருந்து செய்த மருந்து அது. வயிற்றில்தான் போடுவார்கள். வலி அதிகம். சிலருக்கு வேறு கோளாறுகளும் வந்தன.

அந்த ஊசி இப்போது இல்லை. 2005-ம் ஆண்டுக்குள் இந்தியாவில் அது கைவிடப்பட்டது. இப்போது போடுவது புதிய மருந்து. கையில்தான் போடுகிறார்கள். எறும்பு கடித்ததுபோல இருக்கும்.

ஆனால், பழைய பயம் மட்டும் போகவில்லை. பையன் கடியை மறைத்தானே, அதற்கு அந்தப் பயம்தான் காரணம். "வயிற்றில் ஊசி கிடையாது" என்று ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

எந்தக் கடிக்கு என்ன சிகிச்சை?

கடியை டாக்டர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

நாயைத் தொட்டது, சோறு வைத்தது, காயம் இல்லாத தோலில் அது நக்கியது முதல் வகை. நன்றாகக் கழுவினால் போதும். ஊசி வேண்டாம்.

பல் லேசாகப் பட்டது, நகம் கீறியது, ஆனால் ரத்தம் வரவில்லை. இது இரண்டாவது வகை. கழுவ வேண்டும். தடுப்பு ஊசியும் போட வேண்டும்.

தோல் கிழிந்து ரத்தம் வந்தால் மூன்றாவது வகை. ஏற்கனவே உள்ள புண்ணிலோ, வாயிலோ, கண்ணிலோ நாயின் எச்சில் பட்டாலும் இதே வகைதான். இதற்குத் தடுப்பு ஊசியுடன் இன்னொரு மருந்தும் வேண்டும். அதைக் கடிபட்ட காயத்திலேயே செலுத்துவார்கள்.

ஏன் இரண்டு மருந்து? தடுப்பு ஊசி போட்டவுடன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். அதற்குள் கிருமி முந்திக்கொண்டால்? அந்த இடைவெளியில் காவல் நிற்கவே இரண்டாவது மருந்து. அது தயாராக உள்ள எதிர்ப்புச் சக்தி. ஆகவே முதல் நாளிலேயே போட்டுக்கொள்வது நல்லது. முதல் ஊசி போட்டு 7 நாள் ஆகிவிட்டால் அதைப் போடுவதில்லை.

பையனின் காலில் இரண்டு சொட்டு ரத்தம் வந்தது அல்லவா? அது சிறிய கடிதான். ஆனால், மூன்றாவது வகை!

திங்கள், வியாழன், திங்கள்...

அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். இரண்டு மேல்கையிலும் தோலுக்குள் சிறிது சிறிதாக மருந்து ஏற்றுகிறார்கள். மொத்தம் 4 தடவை போக வேண்டும்.

கணக்கு சுலபம். முதல் ஊசி திங்கட்கிழமை போட்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஊசி அந்த வாரம் வியாழக்கிழமை. மூன்றாவது அடுத்த திங்கட்கிழமை. நான்காவது, முதல் ஊசி போட்டதில் இருந்து 28-வது நாள்; அதுவும் திங்கட்கிழமைதான். சதையில் போடுகிற ஊசி என்றால் 5 தடவை. 14-வது நாளில் ஓர் ஊசி கூடுதலாக வரும்.

"இரண்டு ஊசி போட்டாச்சு, புண்ணும் ஆறிடுச்சு, இனி எதற்கு?" என்று நிறுத்துகிறவர்கள் பலர். இது பெரிய தவறு. புண் ஆறுவது வேறு. உள்ளே கிருமி சாவது வேறு. எல்லா ஊசியும் போட்டால்தான் பாதுகாப்பு.

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். லீவுக்கு நத்தம் போன பிள்ளையை அங்கே நாய் கடித்தால், முதல் ஊசியை அங்கேயே போட்டுவிட வேண்டும். "திண்டுக்கல் போய்ப் போட்டுக்கொள்ளலாம்" என்று காத்திருக்கக் கூடாது. சீட்டைக் காட்டி மீதி ஊசியை ஊருக்கு வந்து போட்டுக்கொள்ளலாம்.

கைக்குழந்தைக்கும் போடலாம். கர்ப்பிணிக்கும் போடலாம். தாய்ப்பால் கொடுப்பவருக்கும் போடலாம். பத்தியம் எதுவும் இல்லை. கத்திரிக்காய், மீன், கோழி எல்லாம் சாப்பிடலாம். முன்பு முழுவதும் ஊசி போட்டுக்கொண்டவரை மறுபடி நாய் கடித்தால், 2 ஊசி போதும். முதல் நாள் ஒன்று. மூன்று நாள் கழித்து ஒன்று.

தடுப்பு ஊசியோடு, தேவை இருந்தால் ரண ஜன்னி வராமல் இருக்கவும் ஓர் ஊசி போடுவார்கள்.

குரங்கு, பூனை, எலி

நாய் மட்டும்தான் ஆபத்து என்று எண்ணக் கூடாது. பூனையின் பல் ஊசிபோல இருக்கும். வெளியே சிறிய துளைதான் தெரியும். உள்ளே ஆழமாகப் போயிருக்கும். மடியில் வளர்த்த பூனையாக இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பழனிக்குப் போகிறவர்களும் சிறுமலைக்கு ஏறுகிறவர்களும் குரங்குகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. கையில் வாழைப்பழத்தைக் கண்டால் குரங்கு விடாது. பிடுங்கும்போது நகம் கீறும். சில சமயம் கடித்தும்விடும். "ஆஞ்சநேயர் கடித்தது, ஒன்றும் செய்யாது" என்று இருந்துவிடக் கூடாது. அதற்கும் சோப்பு, தண்ணீர், ஊசி எல்லாம் உண்டு. குரங்கு பழத்தைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள். பழம் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டு எலி கடித்தால் பெரும்பாலும் வெறிநோய் ஊசி தேவைப்படாது. ஆனாலும் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். எலியால் வேறு காய்ச்சல்கள் வரலாம்.

மாட்டு வாயில் கை விடுமுன்...

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு முக்கியமான செய்தி. வெறிநாய் ஆட்டையும் மாட்டையும் கடிக்கும். அவற்றுக்கும் நோய் வரும்.

மாடு தீனி எடுக்காது. எச்சில் ஒழுகும். குரல் மாறிக் கத்தும். "தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டது" என்று நினைத்து, விவசாயி அதன் வாய்க்குள் கையை விடுவார். கையில் அறுப்புக் காயம் இருக்கும். அதன் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். ஆகவே, காரணம் தெரியாமல் எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் கை விடக் கூடாது. முதலில் கால்நடை டாக்டரைக் கூப்பிட வேண்டும். கையை விட்டிருந்தால், உடனே கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த மாட்டின் பாலைப் பச்சையாகக் குடிக்கக் கூடாது.

நாயை அடித்துக் கொல்லாதீர்கள்

கடித்த நாயைக் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டு, "இனிப் பயமில்லை" என்று சொல்வார்கள். இது தவறு. அந்த நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும். 10 நாள் கழித்தும் அது நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அதைச் சொன்னால் மீதி ஊசியைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். கொன்றுவிட்டால் இது தெரியாமலே போய்விடும். ஆனால் ஒன்று. 10 நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியை உடனே தொடங்க வேண்டும்.

திண்டுக்கல் பிரியாணிக்குப் பேர்போன ஊர். எலும்பும் எச்சில் இலையும் தெருவில் கொட்டினால், அங்கே நாய்கள் கூடத்தான் செய்யும். குப்பையைத் தொட்டியில் போட்டாலே கடி குறையும். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் குட்டிக்கு 3 மாதம் ஆனதும் தடுப்பு ஊசி போட வேண்டும். பிறகு வருடந்தோறும் போட வேண்டும். பாஸ்டர் மறைந்த நாளான செப்டம்பர் 28, 2007-ம் ஆண்டு முதல் உலக வெறிநோய் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்தச் சமயத்தில் பல ஊர்களில் நாய்களுக்கு இலவசமாக ஊசி போடும் முகாம்கள் நடக்கும்.

பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், இந்த மூன்றின் பக்கமும் போகக் கூடாது. நாய் துரத்தினால் ஓடக் கூடாது. ஓடினால் அது இன்னும் துரத்தும். அசையாமல் நிற்க வேண்டும். பெரும்பாலும் அது மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

தாய் காப்பித்தூள் டப்பாவைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். "அப்பத்தா, அது வேண்டாம். முதல்ல கழுவணும்" என்றாள். பையனைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை.

அவள் அடித்திருந்தால், அடுத்த தடவை கடித்தால் அவன் சொல்லமாட்டான்.

உங்கள் வீட்டிலும் இதைச் சொல்லி வையுங்கள். "நாய் கடித்தால், பூனை கீறினால், குரங்கு பிறாண்டினால், உடனே வந்து சொல். உன்னை யாரும் அடிக்கமாட்டார்கள்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைதான் முதல் மருந்து. இரண்டாவது மருந்து சோப்பும் தண்ணீரும். மூன்றாவதுதான் ஊசி.